பதினேழாம் எண்ணின் இடுப்பு

சட்டையில் பட்டன் நுழையும் துளையைச் சுற்றி நூல் கட்டுவதற்குக் காஜா எடுப்பது என்று பெயர். மூன்று வருடமாக அதை மட்டுமே செய்துவந்ததால் அந்தத் தையல்கடையில் அவளுக்கும் காஜா என்றே பேராகிவிட்டது. வைத்தவர் அக்காவின் கணவர், கடைக்காரர். "காஜா, நூல் கொண்டா. காஜா, ஃபேனை நிறுத்து."

அவளுக்குக் கண்ணெல்லாம் கத்திரிக்கோல் மேல். கட்டிங் மேசையில் கிடக்கும் அந்தப் பெரிய கறுப்புக் கத்திரிக்கோலை அத்தான் அக்காவைக்கூடத் தொடவிட மாட்டார். காஜா வீட்டில் பழைய செய்தித்தாளில் வெட்டிப் பழகினாள். இதுவரை ஐம்பத்து மூன்று பேண்ட். ஒவ்வொன்றிலும் என்ன தப்பு என்று ஒரு நோட்டில் எழுதியும் வைத்திருந்தாள். எட்டாவது பேண்ட்டில் இரண்டு வலது கால்.

இந்த வருடம்தான் அத்தான் மனம் இறங்கினார். "விடுமுறைக்கு முன்னாடி வர்ற கடைசி பேண்டை நீ வெட்டு. ஆனா அதுவரைக்கும் ஒரு தப்பு வரக்கூடாது. வந்துச்சுன்னா ஆயுசுக்கும் காஜாதான்."

அந்த வாரம் பார்த்து அவருக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டார். தெருவில் எல்லாக் கடைகளும் விடுமுறை அலங்காரத்தில் ஜொலித்துக்கொண்டிருந்தன. அக்கா வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்தாள்.

"மருந்துக்கடையில என்னமா மாட்டியிருக்கான் பாரு. நம்ம ஜன்னல் எழவு வீடு மாதிரி இருக்குடி. ஏதாவது பண்ணு."

"காகித நட்சத்திரம் மடிக்கவா?"

"மடி. அதுக்காகக் கலர் பேப்பர் வாங்கக் கிளம்பிடாதே. கடையில இருக்கறதை வச்சுப் பண்ணு."

மேசைக்கடியில், கந்தல் மூட்டைக்குப் பக்கத்தில், பழுப்புக் காகிதக் கட்டு ஒன்று கிடந்தது. நல்ல மொடமொடப்பான காகிதம். அங்கங்கே நீலப் பென்சிலில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஏதோ கிறுக்கல். கட்டிங் மேசைக் காகிதம் எதையும் அத்தான் அவளிடம் காட்டியதில்லை; கந்தலோடு கிடப்பது கழிவுதானே என்று காஜா எடுத்துக்கொண்டாள்.

ஒரு நட்சத்திரத்துக்கு எட்டுச் சதுரம். ஒவ்வொன்றையும் பாதியாக மடித்து மூலைகளை உள்ளே தள்ளினால் மூக்கும் வாயுமாக ஒரு சாய்ந்த கட்டம் வரும். ஒன்றின் மூக்கை இன்னொன்றின் வாய்க்குள் செருகி, வாயின் இரண்டு உதடுகளையும் உள்பக்கம் மடக்கிவிட வேண்டும். எட்டும் கோத்த பிறகு முதலில் ஒரு வளையம் கிடைக்கும். நாலு பக்கமும் பிடித்து நடுவை நோக்கி நெருக்கினால் சர்ரென்று சறுக்கி, கூர் கூராக நட்சத்திரம் மூடிக்கொள்ளும். திருப்பி இழுத்தால் மறுபடியும் வளையம். பென்சில் கிறுக்கல் தெரிந்தால் அசிங்கமாக இருக்குமே என்று, கிறுக்கல் வந்த இடத்தை அடுத்த மடிப்பு மூடிக்கொள்ளும்படி வைத்தாள். மூடிய பிறகு ஒவ்வொன்றையும் மூன்று முறை திருப்பிப் பார்த்தாள். ஓர் எழுத்துகூட வெளியே தெரியவில்லை.

இரண்டு நாளில் முப்பது நட்சத்திரம். காகிதத் துண்டு எத்தனை அகலமோ அத்தனை பெரிய சதுரம் என்று வெட்டியதால் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவு. இருபத்தொன்பதை ஜன்னலில் கட்டினாள். இருப்பதிலேயே பெரியதை அக்கா எடுத்து, ஓய்வுபெற்ற நீதிபதி வீட்டுக்குப் போகிற கோட்டுப் பொட்டலத்தின் மேல் கட்டி அனுப்பினாள். ஜட்ஜையா கடையின் பெரிய வாடிக்கையாளர். பெரியவருக்குப் பெரியது என்பது அக்காவின் கணக்கு.

மறுநாள் காலை அத்தான் காய்ச்சல் தெளிந்து கடைக்கு வந்தார். கட்டிங் மேசைக்கு மேலிருந்த ஆணியைப் பார்த்தார். ஆணி மட்டும் இருந்தது.

"இதுல மாட்டியிருந்த பேட்டர்ன் எல்லாம் எங்க?"

"ஒட்டடை அடிக்கறப்ப கழட்டிக் கீழ வச்சேன்" என்றாள் அக்கா.

காஜாவின் கண் ஜன்னல் பக்கம் போனது. அத்தானின் கண்ணும் பின்னாலேயே போனது. காற்றில் இருபத்தொன்பது நட்சத்திரங்கள் குலுங்கிச் சுற்றின.

"அடிப்பாவி, ஒவ்வொரு ஆளுக்கும் அளவு பார்த்து வெட்டிவச்ச பதினைஞ்சு வருஷப் பேட்டர்னும்மா அது!"

கத்த நேரமில்லை. மூன்று பேரும் உட்கார்ந்து நட்சத்திரங்களை இழுத்து இழுத்து வளையமாக்கினார்கள். மூடியிருந்த கிறுக்கல்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அப்போதுதான் காஜாவுக்கு விஷயமே புரிந்தது. அத்தான் பேட்டர்னில் அளவை மட்டும் எழுதவில்லை. வாயால் சொல்ல முடியாததையெல்லாம் எழுதிவைத்திருந்தார். பெயர் கிடையாது, வெறும் எண்தான். எந்த எண் யார் என்பது வீட்டு ஆட்களுக்கு மட்டும் தெரியும். 'ஒன்பது. இடது தோள் இறக்கம். சொன்னால் கோபம் வரும்.' 'இருபத்திரண்டு. பேச்சை நிறுத்த மாட்டார். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு அளவெடு.'

அக்கா சிரித்தாள். அத்தான் சிரிக்கவில்லை. "பதினேழு எங்க?"

பதினேழாம் எண்ணின் பேண்ட் பேட்டர்ன் மட்டும் இல்லை. இருப்பதிலேயே அகலமான பேட்டர்ன் அது. அகலமான காகிதத்தில் பெரிய சதுரம். பெரிய சதுரத்தில் பெரிய நட்சத்திரம். அந்த நட்சத்திரம் கோட்டுப் பொட்டலத்தோடு போய்விட்டது.

"அத்தான்... அதுல என்ன எழுதியிருந்தீங்க?"

அத்தான் சுவரைப் பார்த்துக்கொண்டு ஒப்பித்தார். "'பதினேழு. இடுப்பு 38. அவர் சொல்வது 34. மூச்சை இழுத்துப் பிடிப்பார், நம்பாதே. வாயால் 34 சொல்லு, 38 வெட்டு. உள்ளே 34 என்று சீட்டு தை.'"

பதினேழாம் எண் ஜட்ஜையாதான். இருபது வருடமாகத் தன் இடுப்பு ஒரு இஞ்ச்கூட ஏறவில்லை என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும் மனிதர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற அந்த வேலையை அத்தான் ஒரு நூல் பிசகாமல் செய்துவந்திருக்கிறார்.

"சாயங்காலத்துக்குள்ள அந்த நட்சத்திரம் இந்த மேசைக்கு வந்தாகணும். வரலேன்னா கத்திரிக்கோலை மறந்துடு."

காஜா அவசரமாகத் தங்க நிறப் பொட்டலத் தாளில் ஒன்று மடித்துக்கொண்டு ஓடினாள். போகிற வழியெல்லாம் பொய்யை ஒத்திகை பார்த்தாள். 'நூல் இத்துப்போச்சு, அறுந்து விழுந்துடும், மாத்திக் கட்டிட்டுப் போறேன்.' நூல் இத்துப்போனது என்றால் போதுமா, இல்லை காகிதத்தில் பூச்சி என்றும் சேர்க்கலாமா? பூச்சி வேண்டாம், அது ரொம்ப அதிகம்.

ஜட்ஜம்மா கதவைத் திறந்து கூடத்துக்கு அழைத்துப்போனாள். ஜட்ஜையா சாய்வு நாற்காலியில் மூக்குக்கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். கையில் நட்சத்திரம். மூடினார், இழுத்தார், மூடினார், இழுத்தார்.

"வாம்மா, உன்னைத்தான் நினைச்சேன். உட்காரு. இதுக்குள்ள ஒரு ஆள் மாட்டியிருக்கான்."

காஜா தங்க நட்சத்திரத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி உட்கார்ந்தாள்.

"இங்க பாரு." அவர் வளையத்தைச் சுற்றிச் சுற்றி விரலை வைத்தார். "இங்க 'மூச்சை இழுத்து'. இங்க 'நம்பாதே'. நடுவுல வெட்டுப்பட்டிருக்கு, பரவாயில்ல. இந்தப் பக்கம் 38, எதிர்ப்பக்கம் 34. எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்தா என்ன வருது? ஒருத்தன் தையக்காரன்கிட்டயே இடுப்பைப் பத்திப் பொய் சொல்லியிருக்கான்!" நாற்காலி ஆடும் அளவுக்குச் சிரித்தார். "அந்தப் பதினேழு யாரு?"

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். வயிறு முன்னாலேயே இருந்தும் தெரியாத ஆளை காஜா அன்றுதான் பார்த்தாள்.

"தெரியலைங்க சார். நம்பர் மட்டும்தான் இருக்கும்."

"இந்தத் தெருவா?"

"தெருன்னா... ஆமாங்க."

"மருந்துக்கடைக்காரன்தானே? நினைச்சேன்! சும்மாயிருக்கறியே, அதுவே பதில்."

சமையலறை வாசலில் ஜட்ஜம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். தோள் குலுங்கியது. "பாவம், அந்த மனுஷனுக்கும் வீட்ல பொண்டாட்டின்னு ஒருத்தி இருப்பா" என்றாள். "எல்லாம் தெரிஞ்சும் வாயைத் திறக்காம இருப்பா."

"தப்பு. கண்டிக்க வேணாமா?"

"கண்டிச்சா சாப்பாட்டுல உப்பில்லேம்பாரு."

காஜா தங்க நட்சத்திரத்தை நீட்டினாள். "சார், அது நூல் இத்துப்போச்சு. இதை வச்சுக்கிட்டு அதைக் குடுத்தீங்கன்னா..."

"குடுக்கறதா? இது சாட்சிம்மா!" வளையத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். "நாலு மணிக்கு நானே கடைக்கு வர்றேன். புது பேண்ட்டுக்கு அளவும் குடுக்கணும். உங்க அத்தான்கிட்ட ரெண்டு வார்த்தை பேசவும் பேசணும்."

திரும்பி வந்து சொன்னபோது அத்தான் மறுபடியும் காய்ச்சல் வந்தவர் போல ஆனார்.

"அவர்னு அவருக்கே தெரியாதா?"

"தெரியாது. மருந்துக்கடைக்காரர்னு தீர்ப்பு சொல்லிட்டாரு."

"கடவுளே. அவன் இடுப்பு முப்பத்திரெண்டுடி, குச்சி மாதிரி இருப்பான்."

நாலு அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது ஜட்ஜையா வந்தார். வளையத்தை எடுத்துக் கட்டிங் மேசை நடுவில் வைத்தார். வைத்த கையோடு பேச ஆரம்பித்தார். தையல்காரன் பொய்க்குத் துணைபோகலாமா? முப்பத்தெட்டு என்றால் முப்பத்தெட்டு என்று நாலு பேர் காதில் விழும்படி சொல்ல வேண்டாமா? உள்ளே பொய்ச் சீட்டு தைப்பது எந்த ஊர் நியாயம்?

அத்தான் வாயில் நாலைந்து குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, அதையே சாக்காக வைத்து, தலையை மட்டும் ஆட்டினார்.

"சரி. இப்ப எனக்கு அளவெடுங்க. சத்தமா சொல்லுங்க. நேர்மைன்னா எப்படி இருக்கும்னு தெரு கேட்கட்டும்."

கடை வாசலில் ஏற்கெனவே இரண்டு பேர் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தான் டேப்பை எடுத்தார். முப்பத்தெட்டு என்றால் வாடிக்கையாளர் போய்விடுவார். முப்பத்து நாலு என்று சொல்லலாம். ஆனால் முப்பத்தெட்டு பழைய கணக்கு; அவர் மூச்சைப் பிடித்திருக்கும்போது இன்றைய உண்மையான அளவை எப்படிப் பிடிப்பது? பழைய பேட்டர்னும் இல்லை, துண்டு துண்டாகிக் கிடக்கிறது.

"காய்ச்சல்காரர் உட்காரட்டும் சார், நான் எடுக்கறேன்" என்று காஜா டேப்பை வாங்கினாள். வாங்கிய பிறகுதான் வாங்கியது சரிதானா என்று பயம் வந்தது.

ஜட்ஜையா நிமிர்ந்தார். நெஞ்சு ஏறியது. வயிறு இருந்த இடம் தெரியாமல் உள்ளே போனது. டேப்பைச் சுற்றியபடி காஜா நிமிர்ந்து பார்த்தாள்.

"சார், எனக்கு ஒரு சந்தேகம். அந்தப் பதினேழு மூச்சை எப்படி இழுத்திருப்பாரு? எங்களை எப்படி ஏமாத்தினாருன்னே புரியலை."

"அதுவா? ரொம்ப சுலபம்மா." நீதிமன்றத்தில் செய்துகாட்டும் உற்சாகம் அவர் முகத்தில் வந்தது. "முதல்ல சாதாரணமா இருப்பான். இப்படி." விட்டார். வயிறு நிம்மதியாகப் பெருமூச்சுவிட்டு வெளியே வந்து டேப்பில் சாய்ந்தது. காஜா கட்டை விரலை அழுத்தி, எண்ணைப் பார்த்துக்கொண்டாள். "அப்புறம் நீ டேப்பைக் கொண்டுவந்தவுடனே இப்படி இழுத்துக்குவான்!" மறுபடியும் வயிறு காணாமல் போனது.

"முப்பத்து நாலு!" என்று காஜா தெருமுனை வரை கேட்கும்படி கத்தினாள்.

ஜட்ஜையா வாசலில் நின்ற இருவரையும் ஒருமுறை பார்த்தார். "கேட்டீங்கல்ல? ஒழுங்கா நடந்தா, ஒழுங்கா இருக்கும்." மேசை மேலிருந்த வளையத்தை நெருக்கி நட்சத்திரமாக மூடிவிட்டு, "கேஸ் முடிஞ்சது. இது உங்க பொருள்" என்று அங்கேயே விட்டுவிட்டு நடந்தார்.

அவர் தெரு திரும்பும்வரை மூன்று பேரும் வெளிறிய பொம்மைகள் போல நின்றார்கள். பிறகு அத்தான் குண்டூசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்தார்.

"நிஜம் எவ்வளவு?"

"முப்பத்தொன்பது."

"ஒரு இஞ்ச் ஏறிடுச்சா?"

"ஏறியிருக்கு அத்தான். ரெண்டு தடவை பார்த்தேன். தப்பா இருக்குமோ?"

அத்தான் அலமாரியிலிருந்து சாம்பல் நிறத் துணியை, விடுமுறைக்கு முந்தைய கடைசி பேண்ட்டுக்கு, எடுத்து மேசையில் விரித்தார். சுருக்கத்தைத் தடவிவிட்டார். பிறகு, யாரோ அந்நியர் வீட்டுப் பொருளைத் தொடுவது போல, கத்திரிக்கோலை இரண்டு விரலால் தள்ளி அவள் பக்கம் விட்டார்.

"இடுப்புல ஒரு முக்கால் இஞ்ச் உள்தையலுக்கு விடு. அவசரப்படாதே."

காஜா சாக்பீஸால் கோடு போட்டாள், அழித்தாள், மறுபடியும் போட்டாள். கத்திரிக்கோல் நினைத்ததைவிடக் கனம். முதல் வெட்டில் துணி மெதுவாகச் சரசரத்து வழிவிட்டது. இடுப்பு வளைவு வரை மூச்சுவிடாமல் போய், அங்கே நிறுத்தித் தலைதூக்கினாள்.

"அத்தான், உள்ளே சீட்டு முப்பத்து மூணுன்னு தைக்கலாமா? ஐயா ரொம்ப சந்தோஷப்படுவாரு."

"வெட்டற வேலையைப் பாருடி" என்றார் அத்தான். ஆனால் சீட்டு டப்பாவைத் திறந்து, முப்பத்து மூன்று இருக்கிறதா என்று கிளற ஆரம்பித்திருந்தார்.