ஃப்ரிட்ஜ் திறந்தால் அப்பா நலம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு கல்லூரி வராந்தாவில், கையில் பூங்கொத்தோடு கழிப்பறையைத் தேடிக்கொண்டிருந்தபோது. இளநிலை மாணவர்களின் ஆராய்ச்சிக் கண்காட்சிக்கு வரவேண்டிய விஞ்ஞானிக்குக் காய்ச்சல். எழுத்தாளனாவது கிடைக்கட்டும் என்று என்னைப் பிடித்துப் போட்டிருந்தார்கள். 'அன்றாட வாழ்வை மேம்படுத்த இணையத் தொழில்நுட்பம்' என்று வாசலில் பெரிய பேனர். கழிப்பறைக்கு ஓர் அம்புக்குறிகூட இல்லை.

ஒரு மேசையில் பொம்மை ஃப்ரிட்ஜ் இருந்தது. கதவில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கருவி. கதவைத் திறந்தால் பக்கத்திலிருந்த போனில் பச்சைப் புள்ளி எரிந்தது.

"தனியா இருக்கற பெரியவங்களுக்கு சார்," என்றாள் பின்னால் நின்ற பெண். "காலைல ஃப்ரிட்ஜைத் திறந்தா பச்சை. நல்லா இருக்காங்கன்னு அர்த்தம். மத்தியானம் வரைக்கும் திறக்கலைன்னா சிவப்பு வந்து அலாரம் அடிக்கும். எங்கப்பா வீட்டுலதான் வச்சுப் பார்த்தேன்."

"திறந்த கதவை மூடவே இல்லைன்னா?"

"மூடாம எப்படி சார் இருப்பாங்க?" சிரித்தாள்.

நடந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2

'அதிகாலைப் பொன்னொளியில் அந்த முதியவர் தன் சுருங்கிய கைகளால்'

வேண்டாம். அவருக்கு என் வயது. சுருக்கம் எல்லாம் இல்லை.

மறுபடியும். அவளுடைய அப்பா லிஃப்ட் பழுது பார்ப்பவர். முழங்கால் தேய்ந்துபோனதால் வேலையை விட்டுவிட்டார். மனைவி இறந்த பிறகு இரண்டு அறையும் ஒரு சமையலறையும் கொண்ட வீட்டில் தனியாக இருக்கிறார். மகள் வேறு ஊரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள்.

(அடுத்த வீட்டில் ஓர் அக்கா உண்டு. மாற்றுச் சாவி அவரிடம்தான் இருக்கும். ஆனால் வாய் ஓயாதவர். கதைக்குள் விட்டால் எல்லோருடைய வசனத்தையும் அவரே பேசிவிடுவார். மகளுக்குப் பிரசவம் என்று சொல்லி வெளியூருக்கு அனுப்பிவிட்டேன். சிறுகதையில் ஆள் குறைவாக இருப்பது நல்லது என்பார்கள்.)

3

கருவி வருவதற்கு முன் அவள் சாயங்காலமானால் கூப்பிடுவாள். சாப்டியாப்பா, மாத்திரை போட்டியாப்பா, அவ்வளவுதான் பேச்சு. கருவி வந்த பிறகு அதுவும் குறைந்து, நின்றே போயிற்று. ஒருநாள் அவரே கூப்பிட்டார்.

"என்ன பாப்பா, போனையே காணோம்?"

"எதுக்குப்பா? நீ நல்லா இருக்கேன்னுதான் எனக்கு இங்கயே தெரியுதே. காலைல பச்சை வந்துச்சு."

"அப்படியா! நல்லா இருக்கேனா? எனக்குத்தான் தெரியாமப் போச்சு."

"கிண்டல் பண்ணாதப்பா. ரிப்போர்ட் எழுதணும். வைக்கட்டா?"

"வை வை. எனக்கும் நல்லா இருக்கற வேலை நெறைய கெடக்கு."

அதற்குப் பிறகுதான் அவர் ஃப்ரிட்ஜை அடிக்கடி திறக்க ஆரம்பித்தார். உள்ளே ஒரு தண்ணீர் பாட்டில், கண்ணுக்கு விடும் மருந்து, காய்ந்துபோன அரை எலுமிச்சை. ஒன்றையும் எடுக்க மாட்டார். திறப்பார், கொஞ்சம் நிற்பார், மூடுவார். எங்கோ இருக்கும் மகளின் போனில் ஒரு பச்சை சிமிட்டுமல்லவா, அதற்காக.

அவளுடைய வரைபடத்தில் கோடு ஏறிக்கொண்டே போனது. 'பயனருக்கு உணவில் நாட்டம் அதிகரித்துள்ளது. வாழ்க்கைத் தரம் மேம்பட்டுள்ளது' என்று ஆய்வேட்டில் எழுதினாள். பேராசிரியர் ஓரத்தில் 'அருமை' என்று போட்டார்.

(சிரிக்கட்டும் என்றுதான் இதை எழுதினேன். எழுதி முடித்ததும் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.)

4

தேர்வுக்கு முந்தின நாள் அவளே கூப்பிட்டாள். அவர் முதல் மணியிலேயே எடுத்தார்.

"நாளைக்கு வெளியேருந்து எக்ஸாமினர் வர்றாருப்பா. ஸ்கிரீன்ல நேரா காட்டணும். பத்து மணிக்கு மேல ஃப்ரிட்ஜைத் திற. அதுக்கு முன்னாடி தொடாத. பச்சை வரலேன்னா என் மூணு வருஷப் படிப்பும் அம்பேல்."

"நின்னுபோன லிஃப்ட்டுலயே கதவைத் திறந்து ஆளை எடுத்தவன்டி நான். இது என்ன பெரிய கதவு? முடிஞ்சதும் போன் பண்ணிச் சொல்லு."

"சொல்றேம்பா."

மறுநாள் காலை பத்து மணி வாக்கில் சமையலறையில் கால் வழுக்கியது. சுவரில் மாட்டியிருந்த குடையைப் பிடித்தார். குடையும் கூடவே வந்தது. இடுப்பில் ஏதோ முறிந்தது. 'அந்தக் கணத்தில் அவர் மனக்கண்ணில்' ஒன்றும் தெரியவில்லை, வலிதான் தெரிந்தது. போன் ஃப்ரிட்ஜின் தலையில் சார்ஜில் இருந்தது. குடைப்பிடியால் துழாவினார். அது நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டது. குரல் கொடுத்துப் பார்த்தார். அடுத்த வீடு பூட்டிக் கிடந்தது.

இப்போது அவர் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. சும்மா கிடந்தால் போதும். மத்தியானம் சிவப்பு வரும், மகள் பதறுவாள், யாரையாவது அனுப்புவாள். அவள் கண்டுபிடித்ததே இதற்காகத்தான்.

குடைப்பிடி கொக்கி மாதிரி வளைந்திருந்தது. ஃப்ரிட்ஜின் கைப்பிடிக்கு எட்டும்.

எனக்கே இந்த ஆள்மேல் நம்பிக்கை இல்லை. எவன் இப்படிச் செய்வான்? மூன்று தடவை திருத்தி எழுதினேன். "யோவ், சும்மா கெடய்யா" என்று கெஞ்சினேன். ஒவ்வொரு பிரதியிலும் கை குடையைத் தேடியே போகிறது.

"பச்சை வந்துடட்டும்," என்கிறார். "முடிஞ்சதும் கூப்பிடறேன்னு சொல்லியிருக்கா."

திறந்துவிட்டார்.

அங்கே திரையில் பச்சை எரிந்தது. கைதட்டினார்கள். இங்கே குடை கைநழுவி அடுப்படிப் பக்கம் உருண்டது. கதவை மூட எட்டவில்லை. குளிர் அவர் முகத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.

திறந்திருக்கும் கதவுக்குப் பச்சை. அப்படித்தான் அவள் நிரல் எழுதியிருக்கிறாள். இனி நாளைக்கும் பச்சை, நாளை மறுநாளும் பச்சை. கரண்ட் போனாலும் கருவிக்குத் தனியாக பேட்டரி இருக்கிறது.

5

முதல் முடிவு: அடுத்த வீட்டு அக்கா சாவியோடு வருகிறார். இதற்காக இரண்டாம் பகுதிக்கு ஓடினேன். பேரன் பிறந்துவிட்டான், மடியில் போட்டுக்கொண்டு, வரமாட்டேன் என்கிறார். நான்தானே அனுப்பினேன்.

இரண்டாம் முடிவு: எக்ஸாமினர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு, "மூடவே இல்லைன்னா?" என்று கேட்கிறார். கேட்டிருப்பார். அந்த நேரம் பார்த்து டீ வந்துவிட்டது.

மூன்றாவது முடிவை எழுதியிருக்கிறேன். உங்களுக்குக் காட்டப்போவதில்லை. அதில் பச்சை அணையவே இல்லை.

ஆகவே இங்கே நிறுத்துகிறேன். அவள் மேடையிலிருந்து இறங்கிவிட்டாள். தோழிகள் கட்டிக்கொள்கிறார்கள், போட்டோ எடுக்க இழுக்கிறார்கள். அப்பாவுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைவு வந்து போனை எடுக்கிறாள். திரையில் பச்சை. நல்லாத்தான் இருக்கார், சாயங்காலம் நிதானமாகப் பேசிக்கொள்ளலாம் என்று போனைப் பைக்குள் போடப் போகிற

அந்தச் சொல்லை நான் முடிக்கவில்லை. கை இன்னும் பைக்கு வெளியேதான் இருக்கிறது. பிடித்துக்கொள்ளுங்கள்.