சுத்தம் செய்யாத துண்டு

நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்தாள். இந்தத் தமனித் துண்டிலும் ஒன்றுமில்லை. பெருந்தமனி வீங்கியவர்களின் ரத்தத்தில் ஒரு புரதம் எகிறுகிறது. அதை அளந்தே நோயைக் கண்டுபிடித்து, தமனி வெடிக்குமுன்பே ஆளைக் காப்பாற்றிவிடலாம் என்று இரண்டு வருடமாகச் சொல்லிவருகிறாள். அதைச் சுரக்கும் நோயெதிர்ப்பு அணுக்கள் தமனிச் சுவரிலேயே கூடாரம் போட்டிருக்க வேண்டும். அவற்றைத்தான் காணோம்.

"சுவர்லயே இல்லாதது ரத்தத்துக்கு எங்கேருந்தும்மா வந்துச்சு? இந்த மாசத்தோட ஆராய்ச்சிய மூடிடலாம்," என்று துறைத்தலைவர் சொல்லிவிட்டார். அவருக்கென்ன, சொன்னால் வாயா வலிக்கப்போகிறது?

மாலையில் அக்கா வீட்டுக்குப் போனாள். அத்தான்தான் அந்தத் துண்டுகளை வெட்டி அனுப்பும் அறுவை மருத்துவர். சுத்தப் பைத்தியம், அக்கா வைத்த பட்டப்பெயர் 'பினாயில்'. ஆரஞ்சுச் சுளையில் ஒட்டியிருந்த வெள்ளை நாரை நகத்தால் ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டிருந்தார்.

"அதோட தின்னா செத்தா போயிடுவீங்க?" என்றாள் அக்கா.

தங்கைக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அத்தான், எனக்கு அனுப்புறதையும் இப்படித்தான் உரிப்பீங்களா?"

"பின்னே? வெளியில ஒட்டியிருக்கிற கொழுப்பு, சவ்வெல்லாம் வழிச்சுப் போட்டுட்டுத்தான் அனுப்புவேன். மச்சினிக்குப் போறது அழுக்காவா போகும்?"

தலையில் அடித்துக்கொண்டாள். துண்டுகளில் தமனியின் வெளிப்படலம் இல்லாததை நோய் அரித்துவிட்டதென்றல்லவா நினைத்திருந்தாள்! திருடன் கொல்லையில் பதுங்கியிருக்க, கூடத்தில் விளக்கைப் பிடித்துக்கொண்டு தேடிய கதை.

"உங்களைக் கும்பிடுறேன் அத்தான். அடுத்ததை அப்படியே அழுக்கோட அனுப்புங்க."

மனசே இல்லாமல்தான் அனுப்பினார். சாயமேற்றிய துண்டை வைத்துப் பார்த்தாள். உட்புறம் வழக்கம்போல் வெறிச்சோடிக் கிடந்தது. கண்ணாடித் தகட்டை மெல்ல விளிம்புக்கு நகர்த்தினாள். அங்கே, வெளிப்படலம் முழுக்க, சாயத்தில் பழுப்பேறிய நோயெதிர்ப்பு அணுக்கள். எள் போட்டால் எள் விழாத கூட்டம்.

"மாட்டினீங்களா!" என்று கத்தியேவிட்டாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இத்தனை சந்தோஷத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

சத்தம் கேட்டு வந்த துறைத்தலைவர் நுண்ணோக்கியில் கண்ணை வைத்து உட்கார்ந்தவர்தான், எழுந்திருக்கவேயில்லை. செய்தி கேட்டு அத்தான் பச்சைத் தொப்பியைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தார்.

"சார், எனக்கும் கொஞ்சம் காட்டுங்க. நான் வெட்டினது அது."

"இருங்க சார்."

துறைத்தலைவர் கண்ணை எடுக்காமலே கையமர்த்தினார். அவர் உதடுகள் அணுக்களை எண்ணிக்கொண்டிருந்தன. பாதியில் தடுமாறி, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கின.