கோயிலுக்குப் போன வெள்ளை லைட்டு

கிருஷாந்திக்கு வயிறு பற்றி எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? மஸ்கெலியாவுக்கு மேலே தேயிலைத் தோட்டத்து ஆற்றை மறித்து மின்சாரம் எடுக்கிற கம்பெனி, மீன் ஏறிப்போக அணையோரமாய் ஒரு வாய்க்கால் விட்டிருந்தது. சுற்றாடல் காரியாலயத்தின் நிபந்தனைப்படி, மீன் ஏறுவது வீடியோவில் விழுந்தால் வருசம் பூரா அதில் தண்ணீர் விடவேண்டும். விழாவிட்டால் மூடிவிடலாம். மூடினால், அதிலிருந்து கீழ் லயத்துத் தொழிலாளர் வீடுகளுக்குக் குடிதண்ணீர் கொட்டும் பீலி நின்றுபோகும். அந்த லயத்தில் பிறந்து, படித்து, அந்தக் காரியாலயம் அனுப்பி மீன் கணக்கெடுக்க வந்தவள் அவள்.

மீன் ஏறுவது இருட்டில். அதனால் மீன் கண்ணுக்குப் படாத அகச்சிவப்பு விளக்கைத்தான் அவள் தேர்ந்தெடுத்தாள். அது தண்ணீருக்குள் தூரம் போகாது என்று, மீன் போகும் வழியை ஒரு முழத்துக்குக் குறுக்கி கேமராவை ஒட்டி வைத்தாள்.

“உந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை ஆர் பிள்ளை பாக்கிறது?” என்று கம்பெனி இன்ஜினியர் சுதாகரன், வாய்க்காலுக்கு மேலே பெரிய வெள்ளை லைட்டு ஒன்றை மாட்டிவிட்டார். அகச்சிவப்பை மட்டும் அவள் பிடிவாதமாகக் கழற்றவில்லை.

அன்றிலிருந்து மீன்கள் வெளிச்சத்தின் ஓரம்வரை வந்து திரும்பிப் போயின. படம் பளிச்சென்று இருந்தது, உள்ளே வெறும் தண்ணீர். “மீனே இல்லை, பாத்தீங்களோ” என்று அவர் சிரித்தபோது, லைட்டைப் பிடுங்கி அவர் தலையிலேயே போடலாமா என்றிருந்தது அவளுக்கு. வாய் கூசாமல் சொல்கிறாரே மனுசன்.

திருவிழா தொடங்கிய மறுநாள் காலையில் பார்த்தால் லைட்டைக் காணோம். கோயில் கமிட்டித் தலைவர் சின்னராசா தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

“கோவிச்சுக்காதம்மா. கரகம் ஏறி வர்ற பாதையில வெளிச்சம் பத்தல. சாமி காரியம்தானேன்னு கழட்டி அங்க கட்டிட்டோம்.”

தோட்டத்தில் திருவிழா என்றால் அப்படித்தான். கொழுந்து நிறுக்கும் மடுவத்து பல்பு, கடை லைட்டு எல்லாம் கோயிலுக்குப் போகும், முடிந்ததும் திரும்பி வரும். யாரும் கேட்பதுமில்லை, கொடுப்பதுமில்லை.

கிருஷாந்தி ஓடிப்போய் ராத்திரிப் பதிவைப் போட்டாள். சாம்பல் படத்தில் விரல் நீள மீன்கள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே ஏறின. கோபத்திலேயே அழுகை வந்தது. அப்படியே காரியாலயத்துக்கு அனுப்பினாள்.

சுதாகரன் வந்து பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று. “இது செல்லாது. எங்கட லைட் இல்லாமல் எடுத்தது. உடனே கொண்டுவந்து வாய்க்காலுக்கு மேல பூட்டுங்கோ.”

“படம் காரியாலயத்துக்குப் போயிருச்சு சார். லைட்டு வேணும்னா கோயில்ல இருக்கு, நீங்களே போய்க் கழட்டிக்கிட்டு வாங்க. பீலி நின்னா அந்தச் சனம் உங்க லைட்டையா குடிக்கும்?”

கோயில் பக்கம் லயத்து ஆட்கள் திரண்டு தப்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். சுதாகரன் அந்தப் பக்கம் ஓரடிகூட எடுத்து வைக்கவில்லை.