ஒன்பது பேருக்கும் ஒரே தொண்டை

உலக சினிமாவின் வரலாறு இனி இரண்டாகப் பிரித்து எழுதப்படும், ‘உலராத சாளரம்’ வருவதற்கு முன், வந்ததற்குப் பின் என்று, இதனால் சகலருக்கும் அறிவிக்கப்பட்டது. அறிவித்தவர் அந்தப் படத்தின் இயக்குநர். கேட்ட சகலரும் குளியலறையில் துணி அலசிக்கொண்டிருந்தார். இயக்குநரின் மனைவி.

“வரலாறு கெடக்கட்டும். அந்தத் தியேட்டர்காரர் வருவாரா மாட்டாரா?”

கேள்வி நெஞ்சில் இடித்தது. மூன்று வருடம் எடுத்த படம். ஒரு வீடு, ஒரு ஜன்னல், ஒன்பது பேர், படுத்த படுக்கையாக ஒரு அப்பா. அப்பா சாக மட்டும் பதினோரு நிமிஷம். பார்த்த விநியோகஸ்தர்கள் அத்தனை பேரும் “ரொம்ப ஆழமா இருக்கு சார்” என்று கையைக் குலுக்கிவிட்டு, அதன்பிறகு போனை எடுப்பதில்லை. மிச்சம் அந்தத் தியேட்டர்காரர் ஒருவர்தான். ஞாயிறு காலை பிரிவ்யூவில் பிடித்தால் படம் போடுவார். இல்லையென்றால் மூன்று வருடமும் அலமாரிக்குள்.

ஞாயிறு காலை தியேட்டர்காரர் வந்தார். நாற்பது பேர் கூடினார்கள். முன்வரிசையில், படத்தில் அம்மாவுக்குப் பின்னணிக் குரல் கொடுத்த அம்மாள். இருபது வருடமாக யார் யார் வாய்க்கோ பேசியவர். முதல் தடவையாக மகனையும் மருமகளையும் கூட்டி வந்திருந்தார்.

விளக்கு அணைந்தது. ஜன்னல் வந்தது. ஆறு நிமிஷம் ஜன்னலே இருந்தது. இயக்குநர் தன் மேதைமையைத் தானே தாங்க முடியாமல் கண்ணை மூடிக்கொண்டார். திரையில் அம்மா வாயைத் திறந்தாள்.

“போறதுன்னா சாப்பிட்டுட்டுப் போ.”

இயக்குநரின் குரல். ஜலதோஷத்தோடு.

நடந்தது இதுதான். காட்சிகளின் நீளத்தை அளப்பதற்காக, முறையான டப்பிங்குக்கு முன்னால் ஒன்பது பேரின் வசனத்தையும் படுக்கையறையில் உட்கார்ந்து அவரே போனில் பேசிப் பதிவு செய்து கொடுத்திருந்தார். படத்தொகுப்பாளன் அந்த ஃபைலைக் கொண்டுவந்துவிட்டான். அவனுடைய கம்ப்யூட்டரில் ‘ஃபைனல்’ என்ற பெயரில் ஏழு ஃபைல்கள். அவனை மாற்றவும் முடியாது. மனைவியின் தம்பி.

“நிறுத்துடா!” என்று பல்லைக் கடித்தார் இயக்குநர்.

“நிறுத்தினா எந்திரிச்சுப் போயிருவாங்க அத்தான். ஓடினாலாவது உக்காந்திருப்பாங்க.”

ஓடியது. மகள் நாற்பத்தெட்டு வயது ஆண்குரலில் தேம்பினாள். பேத்தி அதே தொண்டையைக் கீச்சாக்கிக்கொண்டு தாத்தாவைக் கூப்பிட்டாள். பின்வரிசையில் யாரோ இருமுவதுபோல் சிரித்தார்கள். அப்பா சாகத் தொடங்கினார். ஏழாவது நிமிஷம், மூச்சுத் திணறலுக்கு நடுவே, ஒரு பெண்குரல் தெளிவாகக் கேட்டது.

“என்னங்க, மோட்டார ஆஃப் பண்ணீங்களா?”

சாகக்கிடந்தவர் பதில் சொன்னார். “இருடி, செத்துட்டிருக்கேன்ல!”

“ஐயய்யோ, அது நான்!” என்று இருட்டில் கத்தினாள் மனைவி. கொட்டகை அதிர்ந்தது.

விளக்கு போட்டதும் ஒரு விமர்சகர் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். “வீடு பூரா ஒரே ஆம்பளக் குரல்! என்ன ஒரு அரசியல் சார்!”

“அதத்தான் சொல்ல நெனச்சேன்” என்றார் இயக்குநர் அடக்கமாக. சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே கொஞ்சம் கூசியது. கொஞ்சம்தான்.

தியேட்டர்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். “இப்படிச் சிரிச்சு எத்தன வருஷமாச்சு!”

“இது சோகப் படம் சார்.”

“அதனாலதான் தாங்க முடியல. வெள்ளிக்கிழமை போடுறேன். ஆனா இதே மாதிரி இருக்கணும். ஒழுங்கான குரல்னு எதையாச்சும் சேத்தீங்க, எனக்கு வேணாம்.”

ஒரு ஃபிரேமைக்கூட எவனுக்காகவும் மாற்ற மாட்டேன் என்று பால்காரரிடம்கூடச் சொல்லி வைத்திருந்தவர் இயக்குநர். ஓடியது தப்பான ஃபைல் என்று சொல்லிவிட வாயைத் திறந்தார். அதற்குள் டப்பிங் அம்மாள் எதிரே வந்து நின்றார்.

“என் குரல் எங்க சார்?”

“அது வந்தும்மா... இது ஒரு உத்தி.”

“பதினாலு தடவ அழச் சொன்னீங்களே, அது என்ன உத்தி?”

பக்கத்தில் மருமகள் அப்பாவியாகக் கேட்டாள்: “அத்தை, நீங்க எந்த எடத்துல பேசினீங்க? எனக்குத் தெரியலையே.”

டப்பிங் அம்மாள் மருமகளைப் பார்க்கவில்லை. இயக்குநரையே பார்த்துக்கொண்டிருந்தார். சரியான குரலோடு வேறொரு ஃபைல் இருக்கிறது, உங்கள் அழுகை அதில் முழுசாக இருக்கிறது, அதைத்தான் வெளியிடுவேன் என்று சொல்ல இயக்குநருக்கு ஒரு வாக்கியம் போதும். அதற்கு முன்னால் வேறொரு வாக்கியம் வந்துவிட்டது. தியேட்டர்காரர் பக்கம் திரும்பிச் சொன்னார்.

“வெள்ளிக்கிழமைன்னா மேட்னி மட்டுமா, மூணு ஷோவுமா சார்?”

டப்பிங் அம்மாள் மகனையும் மருமகளையும் கூட்டிக்கொண்டு படியிறங்கினார். விமர்சகர் அரைப் பக்கம் எழுதினார்.

படம் வெள்ளியும் சனியும் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை தூக்கிவிட்டார்கள்.