டாக்டர் ஸ்ரீஸ்கந்தராஜாவின் பொன்னாடைகள்

2011ஆம் ஆண்டு ஆவணி மாதம் சுவிஸ் நாட்டு வில் நகரத்து விளையாட்டு மைதானத்தில் டாக்டர் ஸ்ரீஸ்கந்தராஜாவுக்குப் போர்த்தப்பட்ட பொன்னாடை அதற்குப் பிறகு அவருடைய உடம்பிலிருந்து கழலவில்லை. சிவப்புக் கரை வைத்து, சரிகைப் பூ போட்டு, சூரிச் கடைகளில் அடுக்கடுக்காகக் கிடைக்கும் சாதாரணப் பொன்னாடைதான் அது. வீட்டுக்கு வந்ததும் அவருடைய மனைவி செல்வராணி இழுத்துப் பார்த்தாள். தோளும் சேர்ந்து வந்தது. கத்தரிக்கோல் வைத்தாள், கத்தரிக்கோல் மழுங்கியது. மறுநாள் டாக்டர் அதன் மேலேயே வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். தோல் நிபுணர் ஒருவர் பார்த்துவிட்டு ஒவ்வாமை என்று சொல்லிக் களிம்பு எழுதிக் கொடுத்தார். களிம்பு பூசியதில் சரிகை இன்னும் கொஞ்சம் பளபளத்தது.

டாக்டர் சின்ன வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, பேர்னில் மருத்துவம் படித்து, 2009இல் வில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பிராக்சிஸ் என்கிற தன் சொந்த மருத்துவ நிலையத்தைத் திறந்தவர். அந்த வருடம் வைகாசியில் ஊரில் போர் முடிந்த பிறகு எங்கள் சனம் கொஞ்ச நாள் ஒருவரோடு ஒருவர் பெரிதாகக் கதைக்கவில்லை. பிறகு எல்லோரும் சங்கம் தொடங்கினார்கள். இருந்த விளையாட்டுக் கழகம் இரண்டாகியது, இரண்டும் நான்காகின. கோயிலுக்கு எதிர்க்கோயில் வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவர் இருந்தார், ஒரு பதாகை இருந்தது, முன்வரிசை நாற்காலி இருந்தது; அதில் இருத்துவதற்கு ஆள்தான் இல்லை. வேலைத்தலத்தில் பெட்டி அடுக்குகிறவரையும் சமையலறையில் கோப்பை கழுவுகிறவரையும் பிரதம விருந்தினர் ஆக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை, அவர்கள்தான் சங்கத்தின் தலைவர்களாக இருந்தும். டாக்டர் கிடைத்தார். மேடை அறிவிப்பாளர் மகேஸ்வரன் அவரை எப்போதும் ஒரே மாதிரித்தான் அழைப்பார்: குடும்பத்தை ஒரு கண்ணாகவும் சமூகத்தை மறு கண்ணாகவும் விளையாட்டை நெற்றிக் கண்ணாகவும் கொண்ட எங்கள் வைத்திய கலாநிதி. டாக்டர் முன்வரிசை நடுவில், தன்னைத்தான் அழைக்கப் போகிறார்கள் என்பது தெரியாத முகத்தோடு உட்கார்ந்திருப்பார். அந்த முகத்தை அவர் கண்ணாடியில் பழகியதைச் செல்வராணி கண்டிருக்கிறாள்.

ஒரு பொன்னாடை ஒட்டிக்கொண்டது தெரிந்த பிறகும் சங்கங்கள் நிறுத்தவில்லை. நிறுத்த முடியாது. ஒரு கழகம் போர்த்தி மற்றக் கழகம் போர்த்தாமல் விட்டால் அது பகை. சின்னதாய்ப் போர்த்தினாலும் பகை. தலைவர்களில் ஒருவரான தம்பித்துரையின் கழகம் காஞ்சிபுரத்திலிருந்து பட்டு எடுப்பித்த அன்று எதிர்க்கழகம் அவசரக் கூட்டம் போட்டது. துன், டீட்டிகோன் நகரங்களிலிருந்தும் அழைப்பு வந்தது. போர்த்தியவை எல்லாம் ஒட்டின. செல்வராணி, "இஞ்சேருங்கோ, இனி வேண்டாம் எண்டு சொல்லுங்கோவன்" என்று கேட்டால், "சனத்தின்ர மனம் நோகுமப்பா" என்பார் டாக்டர், அடுத்த விழாவுக்குச் சப்பாத்து மினுக்கியபடி. மனம் நோகும் சனத்தில் அவள் சேர்த்தியில்லை.

2014 அளவில் பொன்னாடைகள் முழங்கையைத் தாண்டின. 2015இல் விரல்கள் மறைந்தன. டாக்டர் நோயாளிகளைத் தொடுவதை நிறுத்தினார். நாடியை உதவிக்கு நின்ற சுவிஸ் பெண் பிடித்தாள், இதயத்தை அவள் கேட்டுச் சொன்னாள், டாக்டர் பட்டுக்குள்ளிருந்து தலையை மட்டும் ஆட்டினார். இதைக் கைராசிக்கும் மேலான ராசி என்று ஒரு சங்கத்துச் சிறப்பு மலர் எழுதியது. பாஸல் பக்கமிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். வீட்டில் செல்வராணி அவருக்குச் சோறு ஊட்டினாள், கதவு திறந்து விட்டாள், காருக்குள் தள்ளி ஏற்றினாள். அடுத்த வருடம் பொன்னாடைகள் வாய்வரை ஏறியதில் அவருடைய குரல் மெத்தைக்குக் கீழே வைத்த ரேடியோ போல் ஆகியது. மேடையில் அவர் பேசுவது ஒருவருக்கும் கேட்கவில்லை. அந்த வருடப் பேச்சுக்களே மிகச் சிறந்தவை என்பது பொது அபிப்பிராயம்.

அவர்களுக்கு ஒரே மகன், ஆருஷ். கோல் காப்பவன். நெற்றிக் கண்ணால்கூடத் தகப்பன் அவனுடைய விளையாட்டை ஒரு தரமும் பார்த்ததில்லை. மகன் விளையாடும் வேளையில் தகப்பன் மைதானத்தில் இல்லாமல் இருக்கவில்லை. மேடையில், படம் எடுப்பவர்களுக்கு முகத்தையும் மைதானத்துக்கு முதுகையும் காட்டிக்கொண்டு, பொன்னாடை வாங்கிக்கொண்டிருந்தார். பொடியன் பந்தைப் பாய்ந்து பிடித்துவிட்டு முதலில் மேடையைத்தான் பார்ப்பான். பிறகு அதையும் விட்டான்.

2017ஆம் ஆண்டு கோடைகால விளையாட்டு விழாவுக்கு ஏற்பாட்டுக் குழு ஒரு தீர்மானம் எடுத்தது. மைதான ஓரத்தில் முதலுதவிக்கு வந்து நிற்கும் சுவிஸ் தொண்டர்களை இந்த முறை கூப்பிடத் தேவையில்லை, டாக்டரே மேடையில் இருக்கிறார் என்பது தீர்மானம். முன்மொழிந்தவர் தம்பித்துரை. வழிமொழியாதவர் இல்லை. டாக்டருக்குக் கை வெளியே இல்லை என்பதை ஒருவரும் எழுப்பவில்லை. அவருக்கு முன்னால் அதைச் சொல்வது மரியாதையாக இருக்காது.

இறுதி ஆட்டத்தில் ஆருஷ் பந்துக்குப் பாய்ந்து கம்பத்தில் தலை அடிபட்டு மல்லாக்க விழுந்தான். நினைவில்லை. தொண்டையில் கொறகொறவென்று சத்தம், உதடு நீலம் பாரிக்கத் தொடங்கியது. "ஒருத்தரும் தொடாதேங்கோ, டாக்டர் வாறார்!" என்று ஒலிபெருக்கியில் மகேஸ்வரன் கத்தினார். சனம் நல்ல பிள்ளைகளாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. ஆம்புலன்சுக்கு அடித்தார்கள்; அது வந்துவிட்டது, ஆனால் வாசலை மறித்துப் பிரமுகர்களின் கார்கள் நின்றன. டாக்டரைக் கோல் கம்பம் ஏற்றும் தள்ளுவண்டியில் வைத்து உருட்டிக் கொண்டுவந்து மகனுக்குப் பக்கத்தில் இறக்கினார்கள். தாடையை இரண்டு கையாலும் முன்னுக்குத் தூக்கினால் மூச்சுப்பாதை திறக்கும். அது அவருக்குத் தெரியும். உள்ளேயிருந்து கத்தினார். வெளியே முணுமுணுப்புத்தான் வந்தது. பட்டுக் குவியல் ஒன்று புல்லில் குலுங்கியது.

கொத்துரொட்டிக் கொட்டிலில் நின்ற செல்வராணி கையில் தட்டகப்பையோடு ஓடி வந்தாள். பிள்ளையைப் பார்த்தாள், புருசனைப் பார்த்தாள். கலியாணம் செய்த நாளிலிருந்து நீங்கள் என்று அழைத்தவரை அன்றுதான் முதன்முதலாக நீர் என்றாள்.

"எத்தினை வருசமாப் பொடியன் கோல் காக்கிறான், ஒரு நாள் திரும்பிப் பாத்தனீரோ? போட்டோக்காரனுக்கெல்லோ பல்லைக் காட்டிக்கொண்டு நிண்டனீர்!"

மேலே கிடந்த பொன்னாடை வழுகிப் புல்லில் விழுந்தது.

செல்வராணி ஒரு கணம் அதைப் பார்த்தாள். அவள் விளங்கிக்கொள்வதில் கெட்டிக்காரி. "இவனுக்கு நெஞ்சுச்சளி வந்து கிடக்கேக்க நீர் டீட்டிகோனில ரிப்பன் வெட்டினனீர்!" இன்னொன்று விழுந்தது. "என்ர அம்மா செத்தவீட்டிலயும் முன்வரிசைக் கதிரை தேடினனீர்!" இரண்டு சேர்ந்து விழுந்தன. குடும்பக் குற்றங்கள் தீரவில்லை, அவளுக்கு மூச்சுத்தான் தீர்ந்தது. சனத்தைப் பார்த்துத் தட்டகப்பையை ஆட்டினாள். "என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? வீட்டில இருந்து கதைக்கிறதை இஞ்ச கதையுங்கோவன்!"

முதலில் வந்தவர் இராசம்மா, டாக்டரின் பழைய நோயாளி. "தம்பி, என்ர முழங்காலை ரெண்டு வருசமாத் தொடாமப் பாக்கிறாய். அது முழங்காலோ, மூலஸ்தானமோ?" விழுந்தது. பின்னால் நின்றவர், டாக்டர் மேடையில் சொன்ன மாதிரி பேர்னில் பந்தடிக்கவில்லை, பந்து பொறுக்கினவர் என்றார், விழுந்தது. தம்பித்துரை ஆட்களை விலக்கிக்கொண்டு வந்து, "இவர் சோதினையில கொப்பியடிச்சுத்தான் டாக்டர் ஆனவர்!" என்றார். ஒன்றும் அசையவில்லை. "உண்மையைச் சொல்லுமன் காணும், பொடியன் சாகப்போறான்!" என்று யாரோ பின்னாலிருந்து உறுக்கினார்கள். தம்பித்துரை தன் கழகத்து ஆட்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். "போன வருசம் நடுவரைப் பிடிச்சு முடிவை மாத்தினவர்" என்றார், சின்னக் குரலில். கொத்தாக விழுந்தது. அந்த முடிவால் கிண்ணம் தம்பித்துரையின் கழகத்துக்கே போனதை எல்லோரும் அறிவார்கள். மகேஸ்வரன் மட்டும் ஒலிவாங்கியைப் பிடித்த பழக்கத்தில், "சமூகத்தின் ஒளிவிளக்கான எங்கள்..." என்று தொடங்கிவிட, விழுந்து கிடந்த பொன்னாடை ஒன்று புல்லிலிருந்து எழும்பி டாக்டரின் காலைப் பற்றி ஏறத் தொடங்கியது. இராசம்மா ஒலிவாங்கியைப் பறித்தார்.

நான்கு கழகமும் இரண்டு கோயிலும் ஒன்றாக நின்று ஒரு காரியம் செய்ததை வில் நகரத்துத் தமிழர் அன்றுதான் கண்டார்கள். வசைக்கு வரிசை கட்டினார்கள், முந்தியவரை இழுத்துவிட்டார்கள். பட்டுக்குள்ளிருந்து முதலில் வலக்கை வந்தது, வெயில் படாமல் வெளிறி, வேகவைத்த மரவள்ளிக் கிழங்கு போல. பிறகு இடக்கை. டாக்டர் முழங்காலில் விழுந்து மகனின் தாடையைப் பிடித்து முன்னுக்குத் தூக்கினார். கொறகொறப்பு நின்றது. ஆருஷின் நெஞ்சு ஒரு தரம் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. உதட்டில் நிறம் வந்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் தூக்குக்கட்டிலோடு கார்களுக்கு மேலால் ஏறிக் குதித்து வந்து சேரும்வரை டாக்டர் கையை எடுக்கவில்லை. சனமும் வாயை எடுக்கவில்லை. பொடியனை ஏற்றிக்கொண்டு போன பிறகும் வெகுநேரம் திட்டிக்கொண்டே இருந்தார்கள். தேவை முடிந்ததை அறிவிக்க ஒருவருக்கும் மனமில்லை. முதல் பொன்னாடை மட்டும் கடைசிவரை விழவில்லை. எந்தக் குற்றத்துக்கு உரியதென்று இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.

ஆருஷ் ஒரு கிழமையில் வீட்டுக்கு வந்தான். செல்வராணியைப் பாராட்ட விழா எடுப்பதாக ஏற்பாட்டுக் குழு போய்க் கேட்டது. கதவு திறந்த வேகத்தைப் பார்த்துத் திரும்பிவிட்டது. டாக்டருக்குப் பொன்னாடை போர்த்துவது நிற்கவில்லை, நின்றால் பகை என்ற நிலைமை அப்படியே இருக்கிறது. அவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை; ஆளின் குணம் எங்கே போகும். ஆகவே பிராக்சிசில் நோயாளிகள் உள்ளே வந்ததும் வணக்கத்துக்குப் பதில் ஒரு குற்றத்தைச் சொல்லிவிட்டுக் கையை நீட்டுகிறார்கள். சுவிஸ்காரர்களும் பழகிக்கொண்டார்கள், காத்திருக்க வைத்த நேரத்தைப் பற்றி அவர்கள் சொல்வதற்கு எப்போதும் ஒன்று விழுகிறது. இதற்கு இன்சூரன்ஸ் இன்னும் தனிப்பிரிவு ஒதுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் டாக்டர் மகனின் கோல் கம்பத்துக்குப் பின்னால், வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஆட்டம் முழுக்கக் கத்துகிறார். பந்தாட்டம் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. போன கிழமை தகப்பன் காட்டிய பக்கம் பாய்ந்து ஆருஷ் கோல் வாங்கினான். திங்கள் காலை தேத்தண்ணி குடிக்கும்போது, "அப்பா, நீங்கள் வாயை மூடியிருந்தா ஆட்டத்தில வெண்டிருப்பம்" என்றான். ஒன்று விழுந்தது. செல்வராணி அதை எடுத்து மேசையைத் துடைத்தாள். டாக்டர் கையைக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போனார்.