ஒரு நாளைக்கு ஒரு துளை

ஆஸ்பத்திரிக் கட்டிலருகே பஞ்சைத் தண்ணீரில் நனைத்துத் தம்பி அண்ணனின் உதட்டில் ஒற்றிக்கொண்டிருந்தான். காலையிலிருந்து வாய் திறக்காத அண்ணன் கண்ணைத் திறந்து கேட்டார்.

"இன்னைக்குக் குத்தினியா?"

தம்பியின் கை நின்றது. பஞ்சிலிருந்து ஒரு சொட்டு தலையணையில் விழுந்தது.

"குத்திட்டேண்ணே. நல்லாத்தான் இருக்கு."

வடிகட்டின பொய். அண்ணன் வீட்டில் காயவைத்திருந்த கண்ணாடி வில்லை மூன்று துண்டாகி ஒரு நாள் ஆகிவிட்டிருந்தது.

அண்ணன் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருபத்தாறு வருடமாக உதவியாளர். கல்யாணம் செய்துகொள்ளாமல் தம்பி வீட்டுப் பின்னறையில் காலத்தை ஓட்டிவிட்டவர். மணலை உருக்காமலே கண்ணாடி செய்வது அவர் வேலை. ஏதோ ஒரு திரவம், அதில் தண்ணீர், ஆல்கஹால், ஒரு சொட்டு அமிலம். கலக்கிக் கிண்ணத்தில் ஊற்றிவைத்தால் அடுப்பு இல்லாமலே கூழாக இறுகிவிடும். அதைக் காயவைத்து, கடைசியில் உலையில் சூடு காட்டினால் கண்ணாடி. மூக்குக்கண்ணாடியின் மேல் பூசும் மெல்லிய பூச்சு என்றால் சீக்கிரமே காய்ந்துவிடும். உள்ளங்கை அகலத்துக்குக் கனமான வில்லை வேண்டுமென்றால்தான் பிராணனை வாங்கும். உள்ளே இருக்கும் ஈரம் மெல்ல மெல்ல வெளியேற வேண்டும். மேல்பக்கம் முந்திக்கொண்டு காய்ந்தால் இழுத்துப் பிளந்துவிடும். அப்படி நாற்பத்தொன்று பிளந்திருந்தன. ஆய்வுக்கூடத்தில் அவருக்கு நத்தை என்று பெயர். கூப்பிட்டால் அவரும் சிரித்துக்கொண்டே திரும்புவார்.

நாற்பத்திரண்டாவது வில்லை பின்னறை அலமாரியில் ஒரு டப்பாவுக்குள் இருந்தது. ஆய்வுக்கூடத்தில் ஏசி காற்று ஆகாது என்று வீட்டிலேயே ஊற்றியிருந்தார். ஒரு மாதம் மூடியே ஊறி, துளை போடும் கட்டத்துக்கு வந்திருந்தது. டப்பாவின் வாயைக் கட்டிய பிளாஸ்டிக் தாளில், ஈரம் வெளியேற, ஒரு நாளைக்கு ஒரு துளை, தையல் ஊசியால். ஆறாவது துளை போட்ட அன்று அவருக்கு நெஞ்சில் நீர் கட்டிக்கொண்டது. ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டே ஊசியைத் தம்பியிடம் கொடுத்தார்.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். பாதி மாடியில் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளிருந்து கத்த, கீழிருந்து காவலாளி கத்த, நடுவில் நின்று வேலை பார்த்தே பழகியவன். நாலு நாள் ஆஸ்பத்திரியை விட்டு நகர முடியவில்லை. புதன்கிழமை குளிக்க வீட்டுக்கு வந்தபோது அன்று டப்பாவின் மேல் வைத்துவிட்டு ஓடிய ஊசி கண்ணில் பட்டது. விட்டுப்போன நாலு, அன்றைக்கு ஒன்று, சேர்த்து ஐந்தாகக் குத்தினான். அவசரத்தில் கொஞ்சம் அகலமாகவே விழுந்தன. பாக்கி எதுவும் வைக்கவில்லை என்று நிம்மதியாகக்கூட இருந்தது. மறுநாள் காலை சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோது அலமாரிக்குள் டிக்கென்று ஒரு சத்தம் கேட்டது.

"நாலு நாளா நீ இங்கேயே கெடந்தியே," என்றார் அண்ணன், ஒவ்வொரு சொல்லாக. "விட்டுப்போச்சேன்னு பயந்தியா?"

"பேசாதண்ணே. மூச்சு வாங்குது."

"விட்டா ஒண்ணும் ஆகாதுடா. அது பாட்டுக்குக் காத்துக்கிட்டு இருக்கும். சேர்த்து மட்டும் குத்திடக் கூடாது."

தம்பி பஞ்சைக் கிண்ணத்தில் போட்டான். மறுபடி எடுத்தான். தண்ணீரைப் பிழிந்தான். அண்ணன் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி," என்றார் கடைசியில். "போய் ஒரு டீ குடிச்சிட்டு வா. முகம் பேயறஞ்ச மாதிரி இருக்கு."

டீயை வாங்கினான், குடிக்கவில்லை. திரும்பிப் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று படியேறினான். அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் செல்போன் மேசையிலிருந்து எப்படியோ கட்டிலுக்கு வந்திருந்தது. எழுந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தான். மூன்று மணிக்கு நர்ஸ் வந்து கையைப் பிடித்துப் பார்த்தாள், பிறகு டாக்டரைக் கூப்பிட ஓடினாள். அண்ணன் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் வீட்டுக் கூடத்தில் வாடகை நாற்காலிகள் நிரம்பியிருந்தன. அண்ணனின் மேலதிகாரி, அவர் எப்போதும் மேடம் என்றே சொல்லும் நரைத்த அம்மாள், உடலின் பக்கத்தில் நின்றுவிட்டுத் தம்பியிடம் வந்தாள்.

"அவர் ரூமை ஒரு தடவை பாக்கலாமா?"

இதற்குப் பயந்துதான் அவனுக்கு இரவெல்லாம் தூக்கமில்லை. பின்னறைக்குக் கூட்டிப்போனான். அவள் கேட்கும் முன்பே டப்பாவை இறக்கி மேசையில் வைத்துத் தாளைப் பிரித்தான். மூன்று துண்டுகள், லேசாக நீலம் பாய்ந்து கிடந்தன.

"நான்தாங்க மேடம். அஞ்சையும் ஒண்ணா குத்திட்டேன். அவர்கிட்ட நல்லாருக்குன்னு சொல்லிட்டேன். பொய் சொல்லித்தான் அனுப்பிவச்சேன்."

அவள் ஒரு துண்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"நேத்து மத்தியானம் போன் பண்ணினார். தம்பி டீ குடிக்கப் போயிருக்கான், வர்றதுக்குள்ள சொல்லிடுறேன்னார். வில்லை ஒடஞ்சிருக்கும், அவன்கிட்ட கேக்காதீங்க மேடம்னார்." மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். "லிஃப்ட் ரிப்பேர் பண்றவன் கையில ஊசியக் குடுத்தது என் தப்புன்னு சிரிச்சார். இருபத்தாறு வருஷத்துல அவர் அவசரமா பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்."

தம்பி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான். மூன்று நாளாக வராத அழுகை அப்போதுதான் வந்தது. அவள் துண்டைத் திரும்ப டப்பாவில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

சுடுகாட்டுக்குப் போகும் வேனில் அண்ணனின் தலைப்பக்கம் தம்பி உட்கார்ந்தான். கைக்குட்டையில் சுற்றிய துண்டுகள் சட்டைப்பையில் இருந்தன. டிரைவர் கண்ணாடியில் பார்த்தார்.

"மூணு மணிக்குள்ள போகணும்னாங்க. பைபாஸ்ல ஏத்தி அழுத்திடவா சார்?"

"வேணாங்க. மெதுவாவே போங்க."

"லேட்டாயிடுமே சார்."

"ஆகட்டும்."

வண்டி கடைவீதிக்குள் திரும்பியது. பின்னால் ஒருவன் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தான். ஒவ்வொரு பள்ளத்துக்கும் தம்பியின் ஒரு கை சட்டைப்பையையும் மறு கை அண்ணனின் தோளையும் பிடித்துக்கொண்டது.