ரமீஜாவின் கை வளையல்

இறந்தவரைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்க நான்கு பேர் குனிந்த நேரத்தில்தான் சம்சாத் பேகம் அதைச் சொன்னாள்.

"மன்னிக்க முடியாது."

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. புளிக்காரனிடம் விலை கேட்டுவிட்டு, கட்டுப்படியாகாது என்று திரும்புகிற மாதிரி சொன்னாள். ஆனால் மய்யத்து கிடந்த கூடத்துக்கும் பெண்கள் இருந்த உள்ளறைக்கும் நடுவில் ஒரு திரைச்சீலைதான். அந்தப் பக்கம் நின்ற பள்ளிவாசல் ஹஜ்ரத்தின் காதில் விழுந்துவிட்டது. குனிந்த நான்கு பேரும் குனிந்தபடியே நின்றார்கள்.

மகள் ஃபஸீலா தன் தாயின் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். காலையிலிருந்து அழாத முகம் அது.

ஃபஸீலாவைப் பெற்ற அத்தா, பழைய இரும்புக்கடை சேக் முகைதீன், நேற்றுச் சாயங்காலம் கடையில் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த நாற்காலியிலேயே போய்விட்டார். குளிப்பாட்டி, கஃபன் துணி உடுத்தி எல்லாம் முடிந்தது. நண்பகல் லுஹர் தொழுகைக்கு முன்னால் பள்ளிவாசலுக்குக் கொண்டுபோக வேண்டும். தூக்குவதற்கு முன் விதவையிடம் ஒரு வார்த்தை கேட்பார்கள்: கல்யாணத்தில் புருசன் எழுதிக்கொடுத்த மஹரில் பாக்கி ஏதும் இருந்தால் மன்னித்துவிட்டாயா? எல்லாப் பெண்களும் அழுதுகொண்டே மன்னித்துவிட்டேன் என்பார்கள். பத்து விநாடி வேலை. அந்தத் தெருவில் எந்தப் பெண்ணும் வேறு பதில் சொன்னதில்லை.

"மச்சி, என்ன பேச்சு இது?" என்று ரமீஜா எழுந்தாள். இறந்தவரின் தங்கை. ஃபஸீலாவுக்கு மாமியும் அவள்தான், மாமியாரும் அவள்தான். அவள் மகன் நஸ்ருதீனைத்தான் ஃபஸீலா கட்டியிருக்கிறாள். "அண்ணனக் காக்கப் போட்டுட்டு வெளையாடுதியளா?"

"நான் எதுக்கு வெளையாடுதேன்? கேட்டாக, சொன்னேன்."

திரைக்கு அப்பாலிருந்து ஹஜ்ரத் தொண்டையைச் செருமினார். "அம்மா, மஹர் என்னன்னு எழுதியிருந்தாங்க?"

"ஜோடி வளையல், ரெண்டு பவுன்."

"குடுக்கவே இல்லியா?"

"குடுத்தாக. ஒம்பது நாள் கையில கெடந்துச்சு. பத்தாம் நாள் பிடுங்கிட்டாக."

ஹஜ்ரத் "அப்ப அது உங்க பொருள்தான். மன்னிக்கிறதும் கேக்குறதும் உங்க இஷ்டம். நான் வற்புறுத்த ஏலாது" என்றார்.

திரையை விலக்கிக்கொண்டு ஃபஸீலாவின் அண்ணன் ஹாரிஸ் உள்ளே வந்தான். கண்கள் சிவந்திருந்தன. "எம்மா, ஊரே தெருவுல நிக்கி. ரெண்டு பவுன்தான? பொறவு நான் வாங்கித் தாரேன். இப்ப மன்னிச்சேன்னு சொல்லு."

"பொறவு பொறவுன்னு உங்கத்தா முப்பத்திமூணு வருசம் சொன்னாரு."

"சொல்லும்மா!"

அவன் அவளுடைய வலது மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். அடிக்கவேண்டும் என்று பிடித்தது இல்லை. ஆனாலும் அந்தப் பிடியில் அவள் ஒருபக்கமாகச் சாய்ந்துவிட்டாள்.

"அப்படித்தான் பிடிச்சாரு உங்கத்தாவும்" என்றாள் சம்சாத் பேகம். "இன்னும் செத்த கீழ பிடி. கட்டைவெரல உள்ள மடக்குனா வளையல் லேசா வரும். எனக்கு வரல. அதான் ஒடிச்சு எடுத்தாரு."

ஹாரிஸ் கையை உதறிக்கொண்டு பின்வாங்கினான்.

அம்மாவின் வலது கட்டைவிரல் கோணல் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அம்மிக்குழவி விழுந்தது என்றுதான் ஃபஸீலாவிடம் சொல்லியிருந்தார்கள். அந்த விரலை வைத்துக்கொண்டே அம்மா தெருவுக்கெல்லாம் நைட்டி தைத்தாள். தைத்த காசை அரிசிக்குள் வைப்பாள், பழைய பாவாடை நாடாவுக்குள் வைப்பாள். அத்தா கண்டுபிடித்துவிடுவார். மிளகாய்ப்பொடி டப்பாவில் அறுநூறு ரூபாய் அகப்பட்ட அன்று, அந்தப் பொடியை அள்ளி அவள் முகத்திலேயே அடித்தார். எட்டு வயது ஃபஸீலாதான் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். கண்ணைத் திறக்க முடியாமல் கிடந்தபோதும் அம்மா கேட்டது ஒன்றுதான்: "ரூவாயும் எடுத்துட்டாராட்டி?"

இப்போது அம்மாவின் பார்வை போன இடத்தை ஃபஸீலாவும் பார்த்தாள். ரமீஜாவின் வலது கை.

அந்த வளையல்களை ஆறு வருடமாகத் தினமும் பார்க்கிறாள். ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் மாமி பாத்திரம் தேய்த்தால் அவை ஒன்றோடொன்று இடிக்கும். பெருநாளைக்குப் பெருநாள் ரமீஜா இங்கே வரும்போது பேச்சை நிறுத்திவிட்டு அம்மா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள். கண் வைக்கிறாள் என்று மாமி பொருமுவாள்.

"அவ கையில கெடக்கத கழட்டச் சொல்லுங்க" என்றாள் சம்சாத் பேகம். "பொறவு தூக்கலாம்."

ரமீஜா அறைந்தாள். முழுக் கையையும் வீசி அறைந்த அறையில் சம்சாத் பேகத்தின் தலை சுவரில் மோதியது. அதோடு விடாமல் ரமீஜா அவள் முடியைக் கொத்தாகப் பிடித்து வாசல் பக்கம் இழுத்தாள். இருவரும் திரைச்சீலையில் விழுந்தார்கள். கம்பியோடு திரை அறுந்து வந்தது. கூடத்திலிருந்த ஆண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"பிச்சக்காரி! பொணத்துகிட்ட வட்டி கேக்கியா? இது எங்கண்ணன் என் நிக்காஹ்வுக்குப் போட்டது. உசுரு போனாலும் கழட்ட மாட்டேன்!"

"உங்கண்ணன் எவ கையில இருந்து எடுத்தாருன்னு உனக்குத் தெரியாதா? பக்கத்துல வெளக்கப் பிடிச்சுக்கிட்டு நீதான நின்ன, கரண்டு இல்லாத அன்னிக்கு?"

ரமீஜா பிடித்த முடியை விடவில்லை. ஆனால் குரல் உடைந்துவிட்டது. "எம் புருசன் அம்புட்டையும் அடகு வச்சுத் தின்னுட்டான். தாலிக்கருகமணியக்கூட விடல. இது ரெண்டும் இருக்கப் போயிதான் நாலு பேரு முன்ன நான் நிமிந்து நிக்கேன். இதையும் குடுத்துட்டு நான் என்னத்த வச்சிருக்க?"

சம்சாத் பேகம் கண்களை மூடிக்கொண்டாள். வாய் ஓரத்தில் ரத்தம்.

தான் எப்போது எழுந்தாள் என்று ஃபஸீலாவுக்குத் தெரியவில்லை. மாமியின் கையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். நஸ்ருதீன் சந்தூக்குக் காலை விட்டுவிட்டுப் பாய்ந்து வந்தான். "ஏட்டி, எங்கம்மா மேல கைய வச்சிட்டியா? வெட்டிருவேன்!" ஹாரிஸ் குறுக்கே விழுந்து அவன் கழுத்தைப் பிடித்தான். இருவரும் சந்தூக்கில் மோதினார்கள். "ஏலே, மய்யத்து சரிஞ்சிரும்லே!" என்று யாரோ அலறினார்கள்.

"விடுட்டி, நாயே! என் சோத்தத் தின்ன கை!"

"எஞ்சம்பளச் சோறு மாமி."

ஃபஸீலா ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். மாதச் சம்பளம் பேங்கில் விழும். கார்டு நஸ்ருதீனின் சட்டைப்பையில் இருக்கும். ஆட்டோவுக்கு ஐம்பது ரூபாய் கேட்டால், போன வாரம் தந்தது எங்கே என்பான். அதையெல்லாம் நினைத்துத்தான் செய்தாளா என்றால், இல்லை. கட்டைவிரலை உள்ளே மடக்கவேண்டும் என்று அம்மா சொன்னது மட்டும்தான் மண்டையில் இருந்தது. மடக்கினாள். அழுத்தினாள். உள்ளே முருங்கைக்காய் ஒடிவதுபோல் ஒன்று ஒடிந்தது. தோலைச் சீவிக்கொண்டு வளையல் ஒன்று வந்துவிட்டது.

ரமீஜா வாயைத் திறந்தபடி தன் கையையே பார்த்தாள். பிறகு இடது கையால், ஒடிந்த விரலைத் தாண்டி, அடுத்த வளையலைத் தானே இழுத்துக் கழற்றிக் கூடத்துக்குள் எறிந்தாள். அது சந்தூக்குக் கம்பியில் பட்டுத் தெறித்து, மய்யத்துக்குக் கீழே உருண்டு போனது.

யாரும் எடுக்கப் போகவில்லை. சம்சாத் பேகம்தான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, தவழ்ந்து போய், புருசனுக்கு அடியில் கையை நீட்டி எடுத்தாள். எழுந்திருக்கும்போது சந்தூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"மன்னிச்சிட்டேன்" என்றாள். "தூக்குங்க."

தூக்கினார்கள். நஸ்ருதீனும் தோள் கொடுத்தான். சட்டை கிழிந்திருந்தது. கலிமா ஓதும் சத்தம் தெருமுனை தாண்டி, பழைய பஸ் ஸ்டாண்டு இரைச்சலில் கரைந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடினார்கள்.

மூன்று பேர் மிஞ்சினார்கள்.

ரமீஜா ஒரு மணி நேரமாக அடுப்படியில், சிலிண்டரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். விரல் கத்திரிக்காய் நிறத்துக்கு வீங்கியிருந்தது. சம்சாத் பேகம் வளையல்களை ஒரு எவர்சில்வர் டம்ளரில் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். தண்ணீர் லேசாகச் சிவந்தது. டம்ளரை ஜன்னலில் வைத்துவிட்டு, தையல் மெஷின் இழுப்பறையிலிருந்து ஒரு துண்டுத் துணியும் அடி ஸ்கேலில் பாதியும் எடுத்துவந்து ரமீஜாவுக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"கைய நீட்டு."

ரமீஜா நீட்டவில்லை. சம்சாத் பேகமே எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கு அன்னிக்கு யாரும் கட்டுப் போடல. அதான் கோணிப்போச்சு" என்றாள். "ஏட்டி ஃபஸீலா, இங்க வா. வெரல நேரா இழுத்துப் பிடி."

ஃபஸீலா குத்தவைத்துப் பிடித்தாள். அவளே ஒடித்த அதே விரல். சூடாக, துடித்துக்கொண்டிருந்தது. ரமீஜா பல்லைக் கடித்துக்கொண்டு அடுப்பைப் பார்த்தாள்.

வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. கபரில் மண் போட்டுவிட்டு வந்துவிட்டார்கள்.

"ஃபஸீலா!" நஸ்ருதீன் வெளியிலிருந்தே கத்தினான். "வாரியா, இல்ல இப்பிடியே உங்கம்மா வீட்டுலயே கெடக்கியா?"

அவள் திரும்பவில்லை. அம்மாவின் கோணல் விரல் துணியை ஒரு சுற்றுச் சுற்றியது. அடுத்த சுற்றுக்குத் துணி போதவில்லை. ஃபஸீலா பிடித்த பிடியை விடாமல், தன் துப்பட்டாவின் நுனியைப் பல்லால் கடித்துக் கிழித்துக் கொடுத்தாள்.